பழைய தையல் இயந்திரம் வாங்கலாமா?

நுழையும் முன்
பழம்பொருள்களுள் சில வீட்டை அழகு செய்கின்றன. சில வீட்டுக்கு உழைக்கின்றன. நூறாண்டு கண்ட தையல் இயந்திரம் இவற்றுள் எந்த வகையைச் சேர வேண்டும்? அது பற்றிய கருத்தொன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

பவானிபூரில் வாடகை வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று பழைய தையல் இயந்திரம் வாங்க விரும்புவதாகக் கொள்வோம். கொல்கத்தாவில் அதைத் தேடுவது கடினமன்று. ரசல் தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் ஏலம் நடைபெறுவது நெடுநாள் வழக்கம். பழைய இரும்புக் கடைகளிலும், தையல் இயந்திரம் பழுதுபார்ப்போரிடமும் விசாரிக்கலாம். எங்கே வாங்குவது என்பதைவிட எதற்காக வாங்குவது என்பதே முதன்மையான வினா. தைப்பதற்காகவே அதை வாங்க வேண்டும். காட்சிக்கு நிறுத்துவதற்காக வாங்குதல் கூடாது.

பழமையும் விலையும்
ஐசக் சிங்கர் என்னும் அமெரிக்கர் 1851ஆம் ஆண்டு தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் தவணை முறையில் விற்றதால் எளிய குடும்பங்களும் அதை வாங்க முடிந்தது. ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் நகரில் இருந்த சிங்கர் தொழிற்சாலை, முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளில், ஆண்டொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களைச் செய்தது. ஆகவே, நூறாண்டுப் பழமை உடையது என்பதனாலேயே ஓர் இயந்திரம் கிடைத்தற்கரிய பொருளாகிவிடாது. பழமையைக் காட்டி விற்பவர் கேட்கும் பெருவிலையைக் கொடுக்க வேண்டியதில்லை. அது எவ்வளவு நன்றாகத் தைக்கிறது என்பதற்கே விலை கொடுக்க வேண்டும்.

சிங்கரை மட்டுமே தேட வேண்டும் என்பதுமில்லை. உள்நாட்டிலேயே தையல் இயந்திரம் செய்த முன்னோடி நிறுவனமான ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1930களில் கொல்கத்தாவில்தான் தோன்றியது. ‘உஷா’ அதன் தயாரிப்பே. பவானிபூருக்குத் தெற்கே, பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் இருந்த உஷா தொழிற்சாலையின் நிலத்தில் இன்று சவுத் சிட்டி அடுக்குமாடிக் குடியிருப்பும் வணிக வளாகமும் உள்ளன. பழைய உஷா இயந்திரங்களோ பல வீடுகளில் இன்னும் தைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆராய்ந்து வாங்குதல்
வாங்கும் முன் சிலவற்றை ஆராய வேண்டும். சிங்கர் இயந்திரத்தின் அடித்தட்டில் வலப்புறம் பொறித்துள்ள வரிசை எண்ணைக் கொண்டு அது செய்யப்பட்ட ஆண்டை அறியலாம். கைச்சக்கரத்தை மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பழைய எண்ணெய்ப் பிசுக்கால் இறுகியிருந்தால், துடைத்துப் புது எண்ணெய் இட்டபின் பெரும்பாலும் இளகிவிடும். உள்ளுறுப்புகள் துருவேறியிருந்தால் தவிர்ப்பதே நன்று. ஊசியும் பாபினும் கடைகளில் கிடைக்கின்றனவா எனக் கேட்டறிய வேண்டும். மிகப் பழைய சில வகைகளுக்குரிய ஊசிகள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. இறுதியாக, ஒரு துணித்துண்டைத் தைத்து, மேற்புறமும் அடிப்புறமும் தையல் ஒன்றுபோல் விழுகிறதா எனப் பார்க்க வேண்டும்.

மறுப்பும் விடையும்
“மின்சாரத்தில் ஓடும் புதிய இயந்திரம் விரைவாகத் தைக்குமே, பழையது எதற்கு?” எனச் சிலர் கேட்பர். நாள்தோறும் தைத்துப் பிழைப்போருக்கு அது பொருந்தும். கிழிந்த பையைத் தைக்கவும், பாவாடையின் ஓரம் மடிக்கவும் கையால் சுழற்றும் இரும்பு இயந்திரமே போதும். அதற்கு மின்சாரம் வேண்டா. பழுதுபட்டால் திருகாணியைக் கழற்றிச் சரிசெய்யலாம்.

“பழைய இயந்திரத்தின் இரும்புக் கால்களை உணவகங்கள் மேசைக் கால்களாக்குகின்றன, அவ்வாறேனும் அது பிழைக்கட்டுமே” என்பர் வேறு சிலர். இரும்பு பிழைக்கும், தொழில் பிழைக்காது. ஓடும் இயந்திரங்கள் குறைந்தால் பழுதுபார்ப்போருக்கு வேலை குறையும். அவர்கள் வேறு தொழிலுக்குச் சென்றபின், நல்ல இயந்திரத்தைப் பேணி வைத்திருப்பவரும் அதைச் சரிசெய்ய ஆளின்றித் தவிப்பார்.

இயந்திரங்களை ஐயத்துடன் நோக்கிய காந்தியடிகளும் இதற்கு விலக்களித்தார். 1924ஆம் ஆண்டு தில்லியில், சாந்திநிகேதன் மாணவரான ஜி. இராமச்சந்திரன் அவரிடம் இயந்திரங்கள் பற்றி வினவினார். தம் எதிர்ப்பு இயந்திர மோகத்தின் மீதே என்று விளக்கிய காந்தியடிகள், மனிதரின் உழைப்புச் சுமையைக் குறைக்கும் சிங்கர் தையல் இயந்திரத்தை வரவேற்றார். அந்த மாணவரே பின்னாளில் தம் மனைவி சௌந்தரத்துடன் இணைந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். தமிழக அரசும் ஏழைப் பெண்கள் பிழைக்கும் வழியாகத் தையல் இயந்திரத்தை இலவசமாக வழங்கிவருகிறது. இவ்வாறு போற்றப்படும் கருவியை அலங்காரப் பொருளாக்குவது முறையாகாது.

எடுத்துச் செல்லலாம்
பணியிட மாற்றம் வரும்போது, சுமை கருதி முதலில் விற்கப்படும் பொருள்களுள் தையல் இயந்திரமும் ஒன்று. பாட்டி தைத்த இயந்திரம் இரும்பு விலைக்குப் போய்விடுகிறது. பின்னர் வேறோர் ஊரில் அத்தகைய ஒன்றையே பெருவிலை கொடுத்துத் தேட நேர்கிறது. பெரும்பாலான மிதி இயந்திரங்களில் தலைப்பகுதியை மட்டும் மேசையிலிருந்து கழற்ற முடியும். அதை மரப்பெட்டியில் வைத்து எடுத்துச் சென்று, கால்களையும் பலகையையும் புதிய ஊரில் வாங்கிப் பொருத்தலாம். புதிதாகத் தேடி வாங்குவதற்கு முன், சொந்த ஊர் வீட்டின் பரணில் ஒன்று கிடக்கிறதா எனக் கேட்பதே முதற்பணி.

சிந்தித்து எழுதுக
1. பழமை மட்டுமே ஒரு பொருளின் விலையை உயர்த்தாது என்பதற்குக் கட்டுரை தரும் சான்று யாது?
2. ‘இரும்பு பிழைக்கும், தொழில் பிழைக்காது’ என்னும் கருத்தை ஏற்கிறாயா? காரணம் தருக.
3. உன் குடும்பம் இடம் மாறியபோது விட்டுவந்த பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.