முதன்மைப் புரதத்தில் சேராத 742 எழுத்துகள்

போலியோ வைரஸ் ஏற்றிய ஹீலா செல்களுக்குக் கதிரியக்க மெத்தியோனைன் கொடுத்து, மணிக்கொரு மாதிரி எடுத்து ஜெல்லில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் மறக்காது. முதல் தடத்தில் செல்லின் சொந்தப் புரதங்கள் ஏணிப்படிபோல் நெருக்கியடித்து நிற்கும். மூன்றாம் மணித் தடத்தில் அநேகமாக எல்லாமே மங்கிவிடும். அதற்கடுத்து சில பட்டைகள் மட்டும் கறுத்து எழும், அவை வைரஸுடையவை.

ரைபோசோம்கள் எங்கும் போய்விடவில்லை. செல்லின் எம்.ஆர்.என்.ஏ. தன் முனையிலுள்ள தொப்பியைக் காட்டித்தான் ரைபோசோமை வரவழைக்கிறது. தொப்பியைப் பிடித்திருக்கும் காரணிக்கும் ரைபோசோமுக்கும் நடுவே பாலமாக நிற்பது இ.ஐ.எஃப்.4ஜி. வைரஸின் 2ஏ புரோட்டியேஸ் அந்தப் பாலத்தை வெட்டிவிடுகிறது. போலியோ ஆர்.என்.ஏ.வுக்கோ தொப்பியே கிடையாது. அதன் சுமார் 7,440 எழுத்துகளில், முதல் வகையில், தொடக்கத்து 742 எழுத்துகள் வைரஸின் முதன்மைப் புரதத்தில் சேர்வதில்லை. அவை மடிந்து சுருண்டு, வெட்டுண்ட பாலத்தின் மிச்சத் துண்டைப் பற்றிக்கொண்டு ரைபோசோமை நேரே உள்ளே இறக்குகின்றன. மாண்ட்ரியலில் ஜெர்ரி பெல்லட்டியரும் நஹும் சோனன்பெர்கும் 1988இல் இதைக் காட்டினார்கள். ஒரே ஆர்.என்.ஏ.வில் இரண்டு மரபணுக்கள், நடுவில் இந்தத் துண்டு: பின்னதும் புரதமானது. அதே ஆண்டு எக்கார்ட் விம்மரின் குழு வேறொரு பிகோர்னா வைரஸில் இதையே கண்டது.

எல்லா வைரஸும் இப்படி வாசலை மாற்றுவதில்லை. இன்ஃப்ளூயன்ஸா செல்லின் தொப்பியையே கத்தரித்துத் தனக்குச் சூட்டிக்கொள்கிறது. பலோக்சவிர் மடக்குவது அந்தக் கத்தரியைத்தான். கொரோனாவின் என்.எஸ்.பி.1 புரதம் 40எஸ் துணை அலகில் எம்.ஆர்.என்.ஏ. நுழையும் தடத்தில் தன் வாலைச் செருகி அடைக்கிறது.

போலியோவில்தான் விஷயம் ஆய்வு மேசையைத் தாண்டித் தடுப்பு மருந்துவரை வந்தது. சேபின் வகை 3 சொட்டு மருந்தின் வீரியம் குறைந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, இந்தப் பகுதியின் 472ஆம் இடத்தில் சி இருக்க வேண்டிய இடத்தில் யு இருப்பது. வகை 1இல் அதற்கு இணையான இடம் 480, வகை 2இல் 481. சொட்டு மருந்து குடித்த குழந்தையின் குடலில், சில நாட்களிலேயே, வகை 3இன் அந்த யு மறுபடி சி ஆகிவிடுகிறது. ஓர் எழுத்தில் தொங்கும் பாதுகாப்பு எவ்வளவு நாள் நிற்கும்? அதனால்தான் புதிய வகை 2 சொட்டு மருந்தில் அந்த எழுத்து அமைந்த மடிப்புத் தண்டு முழுவதையும் மாற்றிக் கட்டினார்கள். அவசரகாலப் பயன்பாட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் அதை 2020 நவம்பரில் பட்டியலிட்டது.

இதையெல்லாம் அறிந்தும் ஆய்வகப் பழக்கம் மாறவில்லை. என்டெரோவைரஸ் பி.சி.ஆர். பிரைமர்கள் பெரும்பாலும் அமர்வது இந்தத் தொடக்கப் பகுதியின் மாறா இடங்களில்தான். பி.சி.ஆர். தரும் சி.டி. எண்ணைக் குறித்ததோடு அந்தப் பகுதியின் வேலை தீர்ந்தது. வகை பிரிக்க உறைப் புரதமான வி.பி.1இன் மரபணுவில் சுமார் 900 எழுத்துகளை வாசிக்கிறார்கள். போலியோ வகை 2இல் அதில் குறைந்தது 6 மாற்றங்கள் இருந்தால் தடுப்பு மருந்திலிருந்து பிறழ்ந்த வைரஸ். நல்ல கடிகாரம் அது, சந்தேகமில்லை. வைரஸ் எத்தனை காலமாகச் சுற்றுகிறது என்று சொல்லும். ரைபோசோமை எவ்வளவு திறமையாகப் பிடிக்கிறது என்று சொல்லாது. பாடப்புத்தகங்கள் 'குறியாக்கம் செய்யாத பகுதி' என்று பெயர் வைத்ததும் ஒரு வகையில் குற்றம்தான். பெயரே மாணவரைப் பக்கம் புரட்டச் சொல்கிறது.

புருண்டியிலும் காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் புதிய சொட்டு மருந்தின் வழிவந்து மக்களிடையே சுற்றும் வைரஸ்கள் 2023இல் அறிவிக்கப்பட்டன. உறவு என்டெரோவைரஸ்களோடு துண்டு மாற்றிக்கொள்ளும் ஒரு வைரஸ், மாற்றிக் கட்டிய தண்டை இன்னும் வைத்திருக்கிறதா, உதறிவிட்டதா என்பதை வி.பி.1 மட்டும் பார்த்தவர் அறிய வழியில்லை. இந்த இதழுக்கு என்டெரோவைரஸ் கட்டுரை அனுப்புவோர் இனி வி.பி.1 வரிசையோடு தொடக்கப் பகுதியின் வரிசையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். படிக்க முடியாத மாதிரி என்றால், ஏன் முடியவில்லை என்று முறைகள் பகுதியில் ஒரு வரி எழுதினால் போதும்.