கிசுகிசு வாங்கலியோ... கிசுகிசு!

ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாமா? பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது!

உங்க பக்கத்து பெஞ்ச் நண்பனோட அப்பா என்ன வேலை பார்க்கிறார்? ஹாஸ்டல் மெஸ்ஸில் தினமும் உங்களுக்கு சாம்பார் ஊத்துற அண்ணனுக்கு எத்தனை குழந்தைங்க? யோசிக்கிறீங்க இல்லே? சரி, அடுத்த கேள்வி. உங்க அபிமான ஹீரோ இப்ப எந்த ஊர்ல டூர் அடிச்சுட்டு இருக்கார்? அவருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இருக்கா, இல்லையா? பார்த்தீங்களா... டக்குனு பதில் வருது!

திட்டுறதுக்காகக் கேட்கலை. நானும் அந்தக் கட்சிதான். சலூன்ல பேப்பரை எடுத்தா என் கை முதல்ல போறது கிசுகிசு பக்கத்துக்குத்தான். 'அந்த நம்பர் நடிகையும் உயரமான ஹீரோவும்...'னு ஆரம்பிச்சாலே போதும், குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி மூளை சுறுசுறுப்பாயிடும். இந்த வேகம் எகனாமிக்ஸ் பேப்பர்ல வந்திருந்தா கோல்டு மெடல் வாங்கியிருப்பேன்!

இது செல்போன் வந்த பிறகு வந்த வியாதின்னு நினைச்சா... ஸாரி பாஸ். நம்ம தாத்தாக்கள் இதுல நமக்கெல்லாம் சூப்பர் சீனியர்ஸ்!

*

1940-களின் மெட்ராஸ். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் எம்.கே. தியாகராஜ பாகவதர். அவர் முடி வளர்த்தா, ஊரே 'பாகவதர் கிராப்' வெச்சுக்கிட்டுத் திரியும். இன்னொரு பக்கம் என்.எஸ்.கிருஷ்ணன், காமெடியில் அவரை அடிச்சுக்க ஆள் இல்லை.

அதே ஊர்ல லட்சுமிகாந்தன்னு ஒருத்தர். 'சினிமா தூது'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். உள்ளே முழுக்க முழுக்க சினிமாக்காரங்களோட அந்தரங்கம். எது உண்மை, எது கப்ஸானு யாருக்கும் தெரியாது. எழுதாம இருக்கறதுக்கும் காசு வாங்கினார்னு சொல்வாங்க. பத்திரிகையோ சுடச்சுட வித்துச்சு.

அது உலகப் போர் காலம். பேப்பருக்குக் கட்டுப்பாடு, பத்திரிகை நடத்த லைசென்ஸ் வேணும். பாகவதர், என்.எஸ்.கே., டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மூணு பேரும் கவர்னர் ஆர்தர் ஹோப்கிட்டே மனு கொடுத்தாங்க. லைசென்ஸ் ரத்தாச்சு. அசருவாரா மனுஷன்? 'இந்துநேசன்'னு இன்னொரு பத்திரிகையை வாங்கி, விட்ட இடத்துல இருந்து தொடங்கிட்டார்.

1944 நவம்பர் 8. வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போயிட்டு இருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால குத்திட்டாங்க. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்து போனார். டிசம்பர்ல மனு கொடுத்த மூணு பேரும் கைது! நாயுடு விடுதலை ஆனார். பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் 1945-ல் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீலும் போச்சு. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரல்ல தான் ரெண்டு பேரும் விடுதலை ஆனாங்க.

இதுல ஒரு கொடுமை என்ன தெரியுமா? 1944 தீபாவளிக்கு ரிலீஸான பாகவதரோட 'ஹரிதாஸ்', மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்தது. திரையில் அவர் பாட, கூட்டம் கை தட்டிக்கிட்டு இருந்த நேரத்துல நிஜ பாகவதர் கம்பிக்குப் பின்னாடி! வெளியே வந்த பிறகு அவர் நடிச்ச படங்கள் ஓடலை. 1959-ல் இறந்து போனார்.

ஒரு உயிர் போச்சு. ஒரு மகா கலைஞனோட வாழ்க்கை சரிஞ்சது. குத்தினது யார்ங்கிற மர்மம் இன்னும் விலகலை. ஆனா ஒண்ணு யோசிங்க... வாராவாரம் அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி, மறைச்சு மறைச்சுப் படிச்சாங்களே, அந்த ஆயிரக்கணக்கான பேர்... அவங்க பேர் எந்த எஃப்.ஐ.ஆர்.லயும் இல்லை!

*

அம்பது வருஷம் தள்ளி வாங்க. 1997 ஆகஸ்ட் 31, பாரீஸ். இளவரசி டயானா போன காரைப் போட்டோகிராபர்கள் துரத்த, சுரங்கப்பாதையில் விபத்து. டயானாவுக்கு வயசு 36. கார் ஓட்டினவர் குடிச்சிருந்தார். 2008-ல் லண்டன்ல விசாரணை நடத்தின ஜூரி, டிரைவர் மேலயும் தப்பு, துரத்தின வண்டிகள் மேலயும் தப்புன்னு தீர்ப்பு சொன்னாங்க. ஏன் துரத்தினாங்க? படத்துக்கு நல்ல விலை. ஏன் விலை? வாங்க ஆள் இருந்தாங்க. அவங்கள்ல எத்தனையோ பேர் தான் மறுநாள் பூங்கொத்தோட வந்து அழுதிருப்பாங்க.

இப்ப பத்திரிகை வாங்கக் கூட வேணாம். கட்டை விரல் போதும். ஒரு டைவர்ஸ் நியூஸை நாம தொடுறோம்... அடுத்து அதே மாதிரி பத்து வந்து நிக்குது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல விளம்பரம். லட்சுமிகாந்தனுக்கு அச்சாபீஸும் லைசென்ஸும் தேவைப்பட்டது. நமக்கு நெட் பேக் மட்டும்!

*

'அவங்க பிரபலம்தானே, இதெல்லாம் சகஜம்'னு சொல்றீங்களா? நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன், செகண்ட் இயர் வரைக்கும்.

எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி, பஸ் ஸ்டாண்டுல யாரோ ஒரு பையனோட பைக்ல ஏறுற போட்டோ என் போனுக்கு வந்தது. சினிமா கிசுகிசு ஸ்டைல்ல ஒரு வரி எழுதி, மூணே மூணு பேருக்கு அனுப்பினேன். சாயங்காலத்துக்குள்ள ஹாஸ்டல் முழுக்கப் பரவிடுச்சு. பத்து நாள் அவ காலேஜுக்கு வரலை. வந்த பிறகும் கடைசி பெஞ்சுல, யார்கிட்டேயும் பேசாம. அது அவ அண்ணன்னு அப்புறம் தெரிஞ்சது. அண்ணனா இல்லாட்டியும் எனக்கென்ன வந்தது? இந்தக் கேள்வி அன்னிக்கு எனக்குத் தோணவே இல்லை. ஃபைனல் இயர் ஃபேர்வெல்ல 'ஸாரி' சொல்லப் போனேன். "பரவாயில்லை"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விடலை.

அவளுக்கு ரசிகர் மன்றம் கிடையாது, வக்கீல் கிடையாது, கவர்னர்கிட்டே மனு கொடுக்கவும் தெரியாது. நடிகைங்க மேல பழகின கையைத்தான் நாங்க அவ மேலயும் காட்டியிருக்கோம்!

படம் பாருங்க. விசில் அடிங்க. நடிப்பு பிடிக்கலைன்னா கிழிகிழின்னு கிழிங்க, டிக்கெட் காசு உங்களுது. தலைவர் ஓட்டு கேட்டு வந்தா, அவர் சொத்துக் கணக்கைத் தோண்டித் துருவுங்க, அது உங்க உரிமை. ஆனா ஒருத்தர் வீட்டு பெட்ரூம் கதவுக்கு நாம டிக்கெட் வாங்கலை பாஸ்!

அடுத்த தடவை 'அந்த நடிகைக்கு என்ன ஆச்சு தெரியுமா?'ன்னு ஒண்ணு உங்க போன்ல வந்து நிக்கும். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு செகண்ட்... அந்த இடத்துல உங்க கிளாஸ் பொண்ணு பேரைப் போட்டுப் படிச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் விரல் நகர்ந்தா, அனுப்புங்க.

அப்புறம்... நாளைக்கு மெஸ்ஸுக்குப் போனா, அந்த சாம்பார் அண்ணனோட குழந்தைங்க என்ன படிக்கிறாங்கனு கேட்டுட்டு வாங்க. அதைக் கேட்டா அவர் நிச்சயம் சந்தோஷப்படுவார். அடுத்த வாரம் பார்க்கலாமா?