கொலஸ்ரோல் குறைஞ்சால் உயிர் போகுமா?

"ஐசியூவில கொலஸ்ரோல் கூடின ஆக்கள்தான் கூடத் தப்பினவை. பிறகு ஏன் குளிசை?" எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கதை மாதத்துக்கு ஒருக்காலாவது வருது. அதை நம்பி குளிசையை நிப்பாட்டுற பெரியாக்களும் இருக்கினம்.

சிக்கல் என்னெண்டால், முதல் பாதி பொய்யில்லை. கிருமித்தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கிற செப்சிஸ் நோயாளர்களில், கொலஸ்ரோல் குறைந்தவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள். டயலிசிஸ் செய்பவர்களிலும் இதே போக்குத்தான்.

ஆனால் எது முதல் வந்தது? உடம்பின் கொலஸ்ரோலில் பெரும்பங்கு உடம்புக்குள்ளேயே உருவாகிறது. அதில் ஈரலுக்குப் பெரிய பங்கு. கடும் அழற்சி வந்தால் அந்த வேலை குழம்புது, சாப்பாடும் இறங்காது, அளவு விழுந்துபோகுது. வருத்தம் கூடக்கூட எண்ணும் குறையும். கொலஸ்ரோல் அந்த நேரத்தில் சும்மா இருக்கிற சாமானும் இல்லை. அதைக் காவும் துணிக்கைகள் பக்டீரியாவின் நஞ்சைப் பிடித்து வைக்கின்றன. அதனால் குறைவும் ஓரளவு கெடுதல் செய்யக்கூடும்.

2004இல் 'ஜாமா' சஞ்சிகையில் வந்த ஆய்வு இந்த முடிச்சை நன்றாக அவிழ்த்தது. டயலிசிஸ் தொடங்கிய 823 பேரை, அழற்சியோ போசணைக் குறைபாடோ உள்ளவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டும் இல்லாதவர்களில் கொலஸ்ரோல் கூடக்கூட இறப்பும் கூடியது. தலைகீழாகத் தெரிந்த படம் நேராக வந்திட்டுது. வட்ஸ்அப்பில இது மட்டும் வராது.

குளிசையின் கதை வேறு. 1994இல் வெளிவந்த ஸ்கண்டிநேவிய ஆய்வில் இதயநோயுள்ள 4444 பேர். ஐந்து வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் வெற்றுக்குளிசை எடுத்தவர்களில் 256 பேரும், சிம்வாஸ்டற்றின் எடுத்தவர்களில் 182 பேரும் இறந்தார்கள். மாரடைப்பு வந்த மாமா குளிசையை விடுறது இந்த 74 உயிர் வித்தியாசத்தோட விளையாடுறது.

அதேநேரம், டயலிசிஸில் இருக்கும் நீரிழிவு நோயாளர்களுக்குப் புதிதாக இந்த வகைக் குளிசை தொடங்கிப் பார்த்த 2005 ஜேர்மன் ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. தன்ர விசயத்தில என்னெண்டு அவரவர் வைத்தியரிட்டத்தான் கேக்கவேணும். கேக்கத்தான் எங்க விடுகினம்? விடிய நாலு மணிக்கு நம்பர் எடுத்து, மத்தியானம் வரைக்கும் வாங்கில் இருந்து, கிடைக்கிறது இரண்டு நிமிசம். கொப்பியில் மருந்து எழுதியாச்சு, அடுத்த ஆள். ஏன் இந்தக் குளிசை எண்டு அங்க ஒருத்தரும் சொல்லாததைத்தான் வட்ஸ்அப் வந்து சொல்லுது.