படிக்காமல் இட்ட கையெழுத்து

ஓட்டிஸ் ரெடிங் என்னும் மகா பாடகர் 1967 டிசம்பர் 10ஆம் தேதி விமான விபத்தில் மாண்டாரே, அன்றோடு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டு ஸ்தாபனத்தின் அஸ்தமனமும் ஆரம்பமாகிவிட்டது என்று சொல்வது வழக்கம். இத்தனை பெரிய துக்கத்தின் தலையில் பழியைச் சுமத்திவிட்டால் வேறு எவரையும் கேள்வி கேட்கவேண்டியதில்லை என்ற சௌகரியத்தால்தான் இந்தப் பேச்சு நிலைத்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் பிடில் வாசித்து வந்த ஜிம் ஸ்டூவர்ட் 1957இல் இந்தத் தொழிலில் இறங்கினார். அவருடைய தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டன் வீட்டை அடமானம் வைத்து ஒலிப்பதிவு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். 1960இல் மக்லெமோர் அவென்யூவில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தவர்கள், நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்களே ஒழிய, திரையை நோக்கிச் சரிந்து இறங்கும் தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சரிவும் உயர்ந்த கூரையும் சேர்ந்து அளித்த கனத்த நாதமே பிற்காலத்தில் ஸ்டாக்ஸின் முத்திரையாயிற்று. முன்பு சோளப்பொரி விற்ற மூலையில் எஸ்டெல் அம்மையார் இசைத்தட்டுக் கடை போட்டு, அக்கம்பக்கத்துக் கறுப்பின இளைஞர்கள் எதை ஆசையோடு வாங்குகிறார்கள், எதைத் தொடாமல் போகிறார்கள் என்று கவனித்து வந்தார். பெரிய கம்பெனிகள் எத்தனை பணம் கொட்டினாலும் பெற முடியாத ஞானம் அது. இரு நிறத்தாரும் சரிசமமாக உட்கார்ந்து உண்ணக்கூட ஊர் சம்மதிக்காத அக்காலத்தில், அந்தக் கொட்டகைக்குள் அவர்கள் ஒன்றாக அமர்ந்து வாத்தியம் வாசித்தார்கள்.

நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனம் தட்டுகளை நாடெங்கும் விநியோகித்தது. வெறும் வாய்ச்சொல்லில் நடந்து வந்த அந்த உறவு 1965இல் எழுத்து ஒப்பந்தமாக மாறியபோது, சிநேகிதர்கள் நீட்டிய காகிதந்தானே என்ற நம்பிக்கையில் ஸ்டூவர்ட் அதைச் சரியாகப் படித்துப் பாராமலே கையெழுத்திட்டார். அட்லாண்டிக் வார்னர் கம்பெனிக்குக் கைமாறிய பிறகுதான், அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பாடல்களின் மூலப்பதிவுகள் யாவும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்ற சரத்து அதில் இருந்தது வெளிப்பட்டது. பாடகரை விபத்து கொண்டுபோயிற்று; அவர் குரலைக் கொண்டுபோனது காகிதம்.

ஆயினும் ஸ்டாக்ஸ் மறுபடி எழுந்தது. கையில் பழைய சரக்கு ஏதுமில்லாத நிலையில், அல் பெல் என்ற நிர்வாகி 1969இல் ஒரே மூச்சில் 27 ஆல்பங்களை வெளியிட்டார். ஐசக் ஹேய்ஸ் ‘ஷாஃப்ட்’ படப்பாடலுக்கு ஆஸ்கர் பெற்றார். 1972 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு டாலர் சீட்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ஸ்டாக்ஸ் கச்சேரி கேட்டார்கள்.

அதே ஆண்டில், அனுபவம் கற்பித்தும் கற்காதவர்களாய், விநியோகம் முழுவதையும் மற்றொரு பெரிய கம்பெனியான சி.பி.எஸ்.ஸிடம் ஒப்படைத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அங்கே அவர்களை ஆதரித்த கிளைவ் டேவிஸ் மறு ஆண்டே பதவி இழந்தார். அதன்பின் தட்டுகள் கடைகளுக்குச் சரிவரப் போய்ச் சேரவில்லை, கடன் ஏறியது, 1975 டிசம்பரில் ஸ்தாபனம் திவாலாகி மூடப்பட்டது. அதைக் காப்பாற்ற ஸ்டூவர்ட் அடமானம் வைத்த வீடும் பறிபோயிற்று. கொட்டகையை 1989இல் இடித்தார்கள். அதே மனையில் 2003இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

சொந்தமாகப் பாடல் வெளியிட முனையும் நம் இளைஞர்கள், பாட்டுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையாவது ஒப்பந்தத்தை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து படிப்பதற்கு ஒதுக்கவேண்டும். அட்லாண்டிக்கோடு உறவு முறிந்த 1968 மே மாதத்துக்கு முந்திய ஸ்டாக்ஸ் பதிவுகளில் பெரும்பகுதி இன்றும் வார்னர் குழுமத்திடமே இருக்கிறது.