மூன்று நாள் மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்

கரிமூட்டம் பிரிக்கிற நாளில் புகை அடங்கியிருக்கும், தூசி கிளம்பும். கடலாடி வட்டத்துச் சிக்கலைச் சுற்றியும், அங்கிருந்து முதுகுளத்தூர், கமுதி வரையிலும் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூடி, நாள்கணக்கில் கனியவிட்டுக் கரியாக்குவது பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். ஆறிய மூட்டத்தைக் கிளறிச் சாக்கில் அள்ளும் பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்கிறார்கள். மாசி, பங்குனியில் அதே கைகள் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது மாவட்டத்துக்கே பெருமை. ஆனால், மூச்சுக்குழல் ஏற்கெனவே சுருங்கிப்போனவருக்கு அந்த நெடியில் ஒரு பொழுது உட்கார்ந்தாலே போதும், ராத்திரி இழுப்பு வந்துவிடும். விடிந்ததும் மருந்துக்கடை. “தம்பி, போன தடவை குடுத்த அதே மாத்திரையைக் குடுப்பா, கேட்டுச்சு.”

சிறு காகிதப் பொட்டலம் ஒன்று கைமாறுகிறது. மேலே பேனாவால் “கா 1, இ 1” என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு சளி மாத்திரை, ஒரு வயிற்றெரிச்சல் மாத்திரை, கூடவே சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாய் வெள்ளையாய் ஒன்று. அட்டையிலிருந்து வெட்டியோ பிதுக்கியோ எடுத்திருப்பதால் அதற்குப் பெயர் கிடையாது. சிக்கல் என்றில்லை, தமிழ்நாட்டின் எந்தக் கடைவீதியிலும் காணக்கூடிய பொட்டலம்தான் இது. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு: பிரெட்னிசோலோன், டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன் ஆகியவற்றில் ஏதோ ஒன்று.

இந்த மாத்திரை நல்ல மருந்து என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா முற்றி வீசிங் கடுமையாகும்போது மூச்சுக்குழலின் வீக்கத்தை வற்றவைத்து உயிரைக் காப்பாற்றுவது இதுதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், ஐந்து முதல் ஏழு நாள் என்று உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியாமல் ஒருவர் திணறும்போது “ஸ்டீராய்டா, வேண்டாம்” என்று மறுப்பது உயிரோடு விளையாடுவது. 108ஐ அழையுங்கள், மருத்துவர் தரும் மருந்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரே தெரியாமல், எத்தனையாவது முறை என்ற எண்ணிக்கையும் இல்லாமல் அதே மாத்திரை மாதாமாதம் பொட்டலத்தில் வருவதைத்தான் இந்தத் தலையங்கம் எதிர்க்கிறது.

இதன் பக்க விளைவுகள் பார்வைக்கு ஆரோக்கியம் போலவே வருகின்றன என்பதுதான் பெரிய ஆபத்து. மாத்திரை போட்ட இரண்டாம் நாளே பசி எடுக்கும். உடம்பில் ஒரு தெம்பு, மனசில் ஓர் உற்சாகம், மூட்டுவலிகூடக் குறைந்தாற்போல் இருக்கும். அடிக்கடி போடுகிறவருக்கு முகம் உப்பும். “முகம் தெளிஞ்சிருக்கே” என்பார்கள் அக்கம்பக்கத்தில். தூக்கம் கெடுவதையும், பிள்ளைகள் காரணமில்லாமல் எரிந்து விழுவதையும், நெஞ்செரிச்சலையும் யாரும் மாத்திரையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சர்க்கரை நோயாளியின் நிலை இன்னும் மோசம். காலையில் போடும் பிரெட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தால் அளவு சரியாகவே காட்டக்கூடும். அதனால் ஏறிய சர்க்கரை கண்ணில் படாமலே போகிறது.

ஸ்டீராய்டும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் மறந்திருக்க நியாயமில்லை. 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையின் நடுவே கருப்புப் பூஞ்சை பரவியபோது, தமிழ்நாடு அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்க வேண்டி வந்தது. கண்ணை இழந்தவர்கள் உண்டு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களும் தாமாக வாங்கிப் போட்ட ஸ்டீராய்டு அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் அன்று தொண்டை வறளச் சொன்னார்கள்.

“மூணு நாள்தானே, என்ன செய்துவிடப் போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2017இல் வெளியான ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. அவர்களில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஒரு வாரத்துக்குள்தான் எடுத்திருந்தார்கள். அடுத்த முப்பது நாளில் ரத்தத்தில் கிருமி பரவும் ஆபத்து ஐந்து மடங்கும், ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து மூன்று மடங்கும், எலும்பு முறிவு ஏறத்தாழ இரு மடங்கும் கூடியிருந்தன. தலைக்கணக்கில் இவை குறைவானவர்களுக்கே நேர்ந்தன என்பதும் உண்மை, மிரள வேண்டியதில்லை. ஆனால், ஆண்டுக்கு நாலு தடவை பொட்டலம் வாங்குகிறவர் அந்த ஆபத்தை நாலு தடவை சந்திக்கிறார்.

அது மட்டுமில்லை, உடம்பு பழைய பொட்டலங்களையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு வருகிறது. வாழ்நாளில் மொத்தம் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை ஸ்டீராய்டு உள்ளே போனாலே சர்க்கரை நோய், கண்புரை, எலும்புத் தேய்வு, இதயக் கோளாறு ஆகியவற்றின் ஆபத்து கூடத் தொடங்குவதை, பிரிட்டன் ஆஸ்துமா நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் என்றால் 200 மில்லிகிராம். மூன்று தடவையிலேயே அரை கிராம் தாண்டிவிடுகிறது. கரிமூட்டத்தில் நிற்கும் ஒரு பெண் ஒரே வருடத்தில் இந்த எல்லையைக் கடந்துவிடலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. புடெசொனைடு இன்ஹேலரை 200 மைக்ரோகிராம் வீதம் காலையும் மாலையும் இழுப்பவருக்கு ஒரு நாளைக்குச் சேர்வது 0.4 மில்லிகிராம், வருடம் முழுக்க இழுத்தாலும் 146 மில்லிகிராம். ஐந்து நாள் மாத்திரையின் எடைகூட அதில் இல்லை. இரண்டும் வேறு வேறு வீரியமுள்ள மருந்துகள் என்பதால் எடையை மட்டும் வைத்து ஒப்பிட்டுவிட முடியாதுதான். ஆனாலும், நேரே நுரையீரலுக்குப் போகும் மருந்து ரத்தத்தில் கலப்பது சொற்பம். இழுத்த பிறகு வாய் கொப்பளித்தால் வாய்ப்புண்ணையும் தவிர்க்கலாம். அப்படியிருந்தும் ஊரில் பேச்சு எப்படி இருக்கிறது? “பஃப் அடிச்சா பழகிடும், மாத்திரைன்னா பயமில்லை.” பயம் இடம் மாறிக் கிடக்கிறது. இன்ஹேலரைக் கையில் எடுத்தால் நோயாளி என்று ஊருக்கே தெரிந்துவிடும், பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்ற கவலையும் இதில் ஒளிந்திருக்கிறது. அந்தக் கவலையை அலட்சியம் செய்து இதைத் தீர்க்க முடியாது.

ஏழைகள்மீது பழியைப் போடுவது எளிது, அநியாயமும்கூட. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்து ஏறி, ராமநாதபுரத்தில் வரிசையில் நிற்பதைவிடக் கடைவீதிப் பொட்டலம் மலிவு. 2022 ஜனவரியில் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, நல்லதுதான். மூட்டக் காட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் அதனால் குறைந்துவிடவில்லை.

ஆகவே, அரசிடம் கேட்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சாதித்துக் காட்டியிருக்கிறது. அதே பையில் ஆஸ்துமா இன்ஹேலரும் வரட்டும். இழுக்கச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாராவது ஒருவர் கொடுத்தாக வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகள் மருந்துச் சட்டத்தின் ‘எச்’ அட்டவணையில் இருப்பவை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்தச் சட்டத்தைப் பெரிய ஊர்களோடு நிறுத்திவிடாமல் கடலாடி, சாயல்குடி கடைவீதிகளிலும் நடத்திக் காட்ட வேண்டும். மருத்துவர்களுக்கும் ஒரு கோரிக்கை: சீட்டில் “இது ஸ்டீராய்டு, இத்தனை நாள், காலையில் சாப்பிட்ட பின்” என்று தமிழில் எழுதிக்கொடுங்கள். இந்த வருடத்தில் இது எத்தனையாவது தடவை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டாவது தடவை என்று பதில் வந்தால், அன்றாடச் சிகிச்சையில் ஏதோ தவறுகிறது என்று பொருள்.

மாசி பிறந்தால் மிளகாய்க் களங்கள் நிறைந்துவிடும். அதற்கு முன்னால் இந்த வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இன்ஹேலர் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.