பாறைக்குள் இருப்பதைக் காட்டும் தாள்

1985இல் பூர்த்தியான கொத்மலை அணையின் 87 மீற்றர் உயரத்தை வீதியில் நிற்கும் எவரும் காணலாம். ஆனால் 201 மெகாவாட் கொள்ளளவுடைய அதன் மின்நிலையமும், நீரைக் கொண்டுசெல்லும் சுரங்கமும் பாறையின் கர்ப்பத்தில் மறைந்திருப்பவையாதலால், நிர்மாணித்த சுவீடன் நிறுவனத்தார் தேசம் திரும்பியபின், பழுதுபார்க்க வரும் பொறியியலாளருக்கு அவற்றின் அமைப்பை ஒழுங்காக எடுத்துரைக்க வல்லவை, கட்டி முடித்தபடி வரைந்த படங்களே. அப்படங்களுக்கு அக்காலத்தில் எடுத்த அமோனியாப் பிரதிகளோ வெளிச்சத்தில் வெளிறும் சுபாவமுடையவை. ஆகவே, மூலத்தாளை மடிக்காது தட்டையான இழுப்பறையில் இட்டு, படத்தின் இலக்கம், அளவுத்திட்டம், இறுதித் திருத்தத்தின் திகதி ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றி, காலாவதியான பிரதி எவர் கைக்கும் போகாதவாறு காக்கும் உத்தியோகத்தைச் சாமானிய எழுதுவினைஞர் வேலையெனக் கருதுவது பெரும் அநீதி. வெட்டுமுகத்தையும் மேற்தோற்றத்தையும் பிரித்தறியும் வரைதற்பயிற்சி பெற்றவரையே அவ்வுத்தியோகத்தில் அமர்த்தல் வேண்டும்.