பதினைந்து நிமிடக் கணக்கு

சென்ற மாம்பருவத்தில் நம் வாடிக்கையாளரான முதலமடைத் தோப்புக் குத்தகைதாரர் ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து மும்பை வழியாகத் தில்லிக்குப் புறப்பட்டார். முதல் விமானம் ஐம்பது நிமிடத் தாமதம். மும்பையில் அடுத்த விமானம் போய்விட்டது. மண்டியில் விலை பேசவேண்டிய நாளும் அதனுடன் போயிற்று. நேரந்தவறாமையில் தாமே முதலிடம் என்று அந்நிறுவனம் செய்திருந்த விளம்பரத்தைக் காட்டி, "இது பொய்தானே சார்?" என்று கேட்டார். பொய்யன்று. நம் வருத்தமும் அதுவே.

குறித்த நேரம் கடந்து 15 நிமிடத்திற்குள் புறப்பட்டாலும் வந்து சேர்ந்தாலும் அவ்விமானம் நேரத்திற்கு இயங்கியதாகவே கொள்ளப்படுகிறது. அமெரிக்காவிலும் இதே 15 நிமிடந்தான். புறப்பாடு என்பது வானில் எழுவதன்று. நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது. நகர்ந்தபின் ஓடுபாதையருகே அரைமணி நின்றாலும் புறப்பாட்டுக் கணக்கில் தாமதமில்லை. வருகையை அளந்தால் அது தெரியவரும் எனலாம். ஆனால் பயண நேரத்தையே அட்டவணையில் கூட்டி எழுதிவிட்டால் அதுவும் மறைந்துவிடும். கடைசி நிலையத்திற்கு முன் ரயில் அட்டவணை காட்டும் தாராளத்தை நம்மவர் அறிவர்.

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் மாதாந்திர அறிக்கை உள்நாட்டுச் சேவைக்குரியது. அதிலும் நேரந்தவறாமை சில பெருநகர நிலையங்களிலேயே கணக்கிடப்படுகிறது. நமக்கு அருகிலுள்ள கோயம்புத்தூரும் கொச்சியும் அதில் இல்லை. நம் பிள்ளைகள் ஏறும் வளைகுடா விமானங்களும் இல்லை. ரத்தானவை தனி அட்டவணையில் இடம்பெறுகின்றன.

நம்மை உறுத்துவது வேறொன்று. 16 நிமிடம் பிந்தியதும் ஐந்து மணி நேரம் பிந்தியதும் அவ்விழுக்காட்டில் ஒன்றே. வங்கியில் 90 நாள் கடந்த நிலுவையே வாராக்கடன். எனினும் அதற்கு முன்னரே 30 நாள் வரை, 60 நாள் வரை, 90 நாள் வரை என மூன்று படிகளில் கணக்கைப் பிரித்துக் கண்காணிக்கிறோம். (எம் கவுண்டர் வரிசையை யாரும் இவ்வாறு அளப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.) விமானத் தாமதத்தையும் அரைமணி, ஒருமணி, இரண்டு மணி எனப் பிரித்து, நிலையம்வாரியாக வெளியிடுவதே முறை. நிறுவனங்களிடம் அந்நேரங்கள் பதிவாகியே உள்ளன. புதிதாக அளக்கவேண்டியது ஏதுமில்லை.

அதுவரை ஒன்றை நினைவிற் கொள்க: உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்திற்கு மேல் தாமதமாகுமெனில், மாற்று விமானமோ முழுக்கட்டணமோ கேட்டுப்பெறும் உரிமை பயணிக்கு உண்டு. ஐம்பது நிமிடத்திற்கு அத்தகைய உரிமை இல்லை.

அவ்வாடிக்கையாளர் இப்பருவத்தில் முதல்நாளே மும்பை சென்று தங்கினார்; விடுதி வாடகையைத் தோப்புச் செலவில் எழுதியிருக்கிறார்.